மேடையில் கூலியும் தாலியும்: கேள்வி பதில்

வணக்கமுங்க. பிறந்தது கோபிச்செட்டிபாளையம் பக்கம். திருப்பூரில் பள்ளிக்கூட டீச்சராக வேலை பார்த்துக்கொண்டே இருபத்தெட்டு வருடமாக வீதி நாடகம் போட்டு வருகிறேன். ஏழை பணக்காரன் பேதமும் ஆண் பெண் பேதமும் நாடக மேடையில் எப்படிப் பேசப்பட்டன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த நாடகம் பார்த்தாலும் கடைசிக் காட்சியில் நான் தேடுவது ஒன்றுதான்: கூலிக்காரருக்கு என்ன கிடைத்தது, அந்தப் பெண் எங்கே நிற்கிறாள்? என் பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

ஈரோடு, முதுகலைத் தமிழ் மாணவி: அக்கா, தமிழ் மேடையில் சமூக விமர்சனம் திராவிட இயக்க நாடகங்களோடுதான் ஆரம்பித்ததா? எங்கள் வகுப்பில் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

அதற்கு முன்பே இருக்கிறது கண்ணு. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எடுத்துப் பார். பெரியபுராணத்து நந்தனாருக்கு ஆண்டை என்று யாரும் கிடையாது. வேதியர் என்ற நில உடைமையாளரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதிதான். சிதம்பரம் போய்வர உத்தரவு கேட்கிறான் பண்ணையாள். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. அந்த ஒரு பேச்சிலேயே பண்ணை அடிமை வாழ்க்கை முழுக்க வந்துவிடுகிறது. ஆனால் ஒரே ராத்திரியில் பயிரை விளைவித்துக் கொடுப்பது சாமி. பண்ணையாளின் கஷ்டத்தைச் சபை நடுவே வைத்தவர், தீர்வை மட்டும் கோயிலிடம் விட்டுவிட்டார்.

அப்புறம், நீ ஈரோட்டுக்காரி என்பதால் இதையும் சொல்கிறேன். 1944இல் தமிழ் மாகாண நாடகக் கலை அபிவிருத்தி மாநாடு உங்கள் ஊரில்தான் நடந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் முன்னின்று நடத்தினார்கள், அண்ணா பேசினார். புராண நாடகமே போதுமா, இன்றைய வீட்டையும் இன்றைய கூலியையும் மேடையில் காட்ட வேண்டாமா என்ற கேள்வி சூடாக இருந்த காலம் அது. ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறாய் என்றால் உன் காலடியிலேயே கிடக்கிறது.

திருச்செங்கோடு, லாரி புக்கிங் ஆபீஸ் ஊழியர்: வேலைக்காரி, ரத்தக்கண்ணீர் இரண்டையும் என் அப்பா உயிராகச் சொல்லுவாருங்க. நீங்கள் அதிலும் குறை கண்டுபிடிப்பீர்களா?

அப்பா சொன்னது சரிதானுங்க. கடன் கொடுத்தே ஒரு மனுஷனைத் தூக்குக் கயிறு வரைக்கும் தள்ளிய பெரிய மனுஷரை, 1940களில் மேடையில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது சாதாரணக் காரியம் இல்லை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தன் ஊர் ஆளாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் வேலைக்காரியில், தூக்கில் தொங்கிய அந்த மனுஷனின் மகன் ஆனந்தன் பழி வாங்கும் வழியைக் கவனியுங்கள். வேதாசல முதலியாரின் மகள் சரசாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஊதாரி வேடம் போட்டு, அந்த வீட்டின் பேரைக் கெடுக்கிறான். அப்பன் செய்த கொடுமைக்கு மகள் வாழ்க்கையில் வசூல். வேலைக்காரி அமிர்தமோ எஜமானின் மகனைக் கைப்பிடித்துத்தான் மேலே வருகிறாள். பாத்திரம் துலக்குகிறவளாக இருந்தபடியே அவளுக்கு மரியாதை வாங்கிக் கொடுக்க அந்த நாடகத்துக்கு வழி தெரியவில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பணக்காரன் ஏழை வழக்கில் தீர்ப்பு சொன்ன நாடகம், பெண்ணின் வழக்கைக் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிவிட்டது.

ரத்தக்கண்ணீர் ஒரு படி மேலே போகிறது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடித்த நாடகம். கட்டிய மனைவிக்குத் தன் நண்பனோடு மறுமணம் செய்து வைக்கிறான் மோகன். அந்தக் காலத்து மேடையில் இது இடி மாதிரி இறங்கியிருக்கும். என்ன குறை என்றால், அந்த முடிவையும் மோகனேதான் எடுக்கிறான். அவன் மயங்கிக் கிடந்த தாசி காந்தா பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று யாரும் யோசிக்கவே இல்லை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தாசியாக்குவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அதையொட்டிய வருடங்களில் அரங்கத்தின் கோபம் முழுக்கத் தாசி வீட்டுப் பெண் மேலேயே விழுந்தது எனக்கு இன்றும் உறுத்தும்.

சென்னிமலை, கைத்தறி நெசவாளர்: மூன்று தலைமுறையாகத் தறி ஓட்டுகிறோமுங்க. நெசவாளரைப் பற்றி வெளிநாட்டில் யாராவது நாடகம் எழுதியிருக்கிறார்களா? சங்க ஆண்டு விழாவில் போட ஆசை.

இருக்கிறதுங்க. நான் வாழ்க்கையில் படித்த நாடகங்களிலேயே மனசை அதிகம் பிசைந்தது அதுதான். கெர்ஹார்ட் ஹாப்ட்மன் என்ற ஜெர்மானியர் 1892இல் எழுதிய ‘நெசவாளர்கள்’. சைலீசியா என்ற பகுதியில் 1844இல் நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதுதான் கதை. பெர்லின் போலீஸ் நாடகத்துக்குத் தடை போட்டது. தடை நீங்கி 1894இல் பொது மேடைக்கு வந்தபோது, கோபத்தில் பேரரசரே அந்த அரங்கத்தில் தனக்கிருந்த தனி இருக்கையை வேண்டாம் என்று விட்டார்.

முதல் காட்சி முதலாளியின் கிட்டங்கி. நெய்த துணியைத் தோளில் சுமந்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். மேலாள் துணியைப் பிரித்துப் பார்த்து ஏதாவது ஒரு குற்றம் சொல்லிக் கூலியைக் குறைக்கிறான். கால் கடுக்க நடந்து வந்த ஒரு பையன் பசியில் மயங்கி விழுகிறான். இன்னொரு வீட்டில், கறி தின்று வருடக்கணக்காகிவிட்ட கிழவர் வளர்த்த நாயையே சமைத்துத் தின்கிறார். வயிறு ஏற்காமல் வாந்தி எடுக்கிறார். சென்னிமலையிலும் சோமனூரிலும் இந்த நாடகத்துக்கு விளக்கவுரை வேண்டாம். துணியைப் பிரித்துப் பார்க்கும் அந்தக் கை எல்லோருக்கும் தெரிந்த கை.

அதில் லூயிசே என்று ஒரு மருமகள். ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று மாமனார் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், புருஷன் தயங்குகிறான். என் பிள்ளைகளைப் புதைத்தபோது உங்கள் பொறுமை என்ன செய்தது என்று அவள்தான் கேட்கிறாள். கேட்டுவிட்டுத் தெருவில் இறங்குகிறாள். வீட்டிலேயே உட்கார்ந்திருந்த கிழவர் குண்டடிபட்டுச் சாகிறார்.

இதைப் படிப்பதற்கு முன்னால், உங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் கூலி உயர்வு பற்றி நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். ஆறு நெசவாளர்கள், ஒரு முதலாளி, எல்லாம் ஆண் பாத்திரம். நல்ல கைதட்டல். முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்தார். “ஏனுங்க டீச்சர், கூலி ஒசத்தோணும்னு பேசினீங்க, நல்லதுங்க. தார் சுத்தறவளுக்குக் கூலியே இல்லைங்களே. அதை எப்பங்க பேசுவீங்க?” என்றார். நெசவுக்கு ஊடு நூலைக் குழலில் சுற்றித் தருவதுதான் தார் சுற்றுவது. அவருடைய ஆள்காட்டி விரலில் நூல் ஓடி ஓடி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நான் பதில் சொல்லவில்லை, அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து நாடகத்தை மாற்றினோம். வசனத்தில் கை வைக்கவில்லை. மேடையின் முன்பக்கம் ஒரு ராட்டினத்தை வைத்து, முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை ஒரு பெண்ணைத் தார் சுற்ற வைத்தோம். அவளுக்கு ஒரு பேச்சும் இல்லை. ஆண்கள் கூலியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ராட்டினச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. பத்தாவது நிமிடத்தில் சனம் அவளைத்தான் பார்க்க ஆரம்பித்தது. ஆண்டு விழாவில் ஜெர்மன் நாடகத்தை அப்படியே போட வேண்டாமுங்க. கிட்டங்கிக் காட்சியையும் லூயிசே காட்சியையும் எடுத்து உங்கள் பேச்சில் எழுதிக்கொள்ளுங்கள். ராட்டினத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கொடுமுடி, வாசகர்: எங்கள் ஊர் கே.பி. சுந்தராம்பாளை வெறும் பாடகியாகவே எல்லோரும் பேசுகிறார்கள். நாடகத்தில் அவருக்கு என்ன இடம்?

1908இல் உங்கள் ஊரில் ஏழை வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே மேடை ஏறியவர். ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடத்துக்கும் ஆண்களையும் பையன்களையுமே பழக்கிய காலத்தில், ஒரு பெண் தன் குரலை நம்பித் தனியாக நின்றார் என்பதே முதல் செய்தி. 1935இல் வந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். ஒரு பெண், சேரிப் பண்ணையாளாக வேடம் கட்டி, அன்றைக்குப் பெரிய ஆண் நடிகர்களும் பார்க்காத தொகையை வாங்கினார்! முதல் கேள்வியில் சொன்ன நந்தன் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த பக்கம் வலிக்கும். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையில் சேர்ந்து, வாழ்க்கையிலும் சேர்ந்தார். கிட்டப்பா ஏற்கெனவே கல்யாணமானவர். 1933இல் அவர் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசி வரைக்கும் விடவில்லை. வள்ளியாக மேடையில் நின்று தர்க்கம் பண்ணி ஆண் வேடக்காரரைத் திணறடித்தவருக்கு, மேடைக்கு வெளியே விதவைக் கோலம் ஒன்றைத்தான் ஊர் வைத்திருந்தது. அதை அவர் அன்பினால் ஏற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். அன்பை நான் சந்தேகப்படவில்லை. மனைவி இறந்து 25 வயதில் தனியாக நின்ற ஓர் ஆண் நடிகரிடம் யாராவது இதை எதிர்பார்த்திருப்பார்களா என்றுதான் கேட்கிறேன். பின்னாளில் சென்னை சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த முழு வாழ்க்கையையும் சொல்லுங்கள்.

எடப்பாடி, பட்டதாரி இளைஞர்: எங்கள் ஊர்ப் பண்டிகையில் விடிய விடியக் கூத்து. திரௌபதி வேசம் கட்டுவது ஆண். துகிலுரிவதை ஆயிரம் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இதிலே என்ன விமர்சனம் இருக்கிறது?

உன் கோபம் நியாயமானது தம்பி. ஆனால் அடுத்த தடவை துச்சாதனனைப் பார்க்காமல், தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைத் திரும்பிப் பார். விடிகாலை மூன்று மணி, மடியில் பிள்ளை தூங்குகிறது, முக்காடு போட்டுக்கொண்டு கண் கொட்டாமல் இருப்பார்கள். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று திரௌபதி சபையில் கேட்பாள். பீஷ்மர் தலை குனிவார். புருஷன் சீட்டாட்டத்தில் தோட்டத்தை விட்ட வீடுகள் நம் பக்கம் எத்தனை? அந்தக் கேள்வி மகாபாரதக் கேள்வியாக மட்டும் அவர்கள் காதில் விழாது. நான் பார்த்த ஒரு கூத்துச் செட்டில், துச்சாதனன் வேசக்காரர் சேலையில் கை வைக்கும் முன் சூடம் கொளுத்தித் தரையில் விழுந்து கும்பிட்டார். நடிப்புக்காகக்கூட அந்தக் காரியத்தைச் சும்மா செய்யக் கூடாது என்ற கூச்சம் அந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது.

குறையும் இருக்கிறது. கேள்வி கேட்டவளுக்குச் சபை பதில் சொல்லாது, கண்ணன் சேலைதான் கொடுப்பான். நந்தனுக்கு நடந்ததேதான். இன்னொன்று, அந்தத் திரௌபதியாக ஆடியவர் விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறவராக இருப்பார். அவருக்கு எங்கே சோறு போட்டார்கள், எந்தத் திண்ணையில் படுக்கச் சொன்னார்கள் என்றும் விசாரி. அதுவும் நாடகத்தைச் சேர்ந்ததுதான்.

காங்கேயம், பள்ளி ஆசிரியை: இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைப் பிளஸ் டூ பிள்ளைகளை வைத்துப் போடப் போகிறோம். நோரா வீட்டை விட்டுப் போகும் முடிவைப் பெற்றோர் மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள் டீச்சர். நாடகம் 1879இல் வந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியில் ஒரு நடிகை, என் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் போகமாட்டேன், அந்த முடிவில் நடிக்க முடியாது என்றார். வேறு வழியில்லாமல் இப்சனே மாற்று முடிவு எழுதிக் கொடுத்துவிட்டு, இது நாடகத்துக்கு இழைத்த கொடுமை என்று நொந்துகொண்டார். இன்றைக்கு அந்த மாற்று முடிவை யார் நடிக்கிறார்கள்?

பெற்றோரிடம் கதவைப் பற்றிப் பேசாமல் கடனைப் பற்றிப் பேசுங்கள். புருஷன் உயிரைக் காப்பாற்ற நோரா கடன் வாங்குகிறாள். கல்யாணமான பெண் தன் பேரில் கடன் வாங்க முடியாது என்பதால் அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். பிறகு வருடக்கணக்கில் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, யாருக்கும் தெரியாமல் அடைக்கிறாள். புருஷனுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரி பில் கட்டிய அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். அவருக்குப் புரியும்.

ஆயா ஆன்மரியை வெட்டிவிடாதீர்கள். சின்ன வேடம் என்று நிறையப் பேர் வெட்டுகிறார்கள். நோராவை வளர்க்கும் வேலைக்கு வருவதற்காகத் தன் சொந்த மகளை வேற்று ஆளிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். நோரா கதவைத் திறந்து போக முடிகிறது என்றால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த ஏழைப் பெண் உள்ளே இருக்கிறாள். வர்க்கமும் பெண் நிலையும் ஒரே சமையல்கட்டில் எப்படிச் சந்திக்கின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பொள்ளாச்சி, வள்ளி கும்மி ஆடும் பெண்: கும்மியும் ஒரு வகை நாடகம்தானே அக்கா? அதில் பெண்களுக்கு முன்னேற்றம் இல்லையா?

கதை சொல்லி ஆடுகிறோம், நாடகம்தான். முன்னேற்றமும் இருக்கிறது அம்மிணி. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் பழக்கிவிட்ட கோவைப் பக்கத்துப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் கூட்டமாகத் திடலில் இறங்கி ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கும் கால் துடிக்கும்.

வருத்தம் ஒன்றுதான். சில கும்மி மேடைகளில், சாதிக்குள்ளேதான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று பெண் பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்குவதாகச் செய்திகள் வந்தன. நீ ஆடுகிற கதையையே எண்ணிப் பார். குறவர் வீட்டில் வளர்ந்து தினைப்புனம் காத்த பெண், வேற்று ஆளை, வீட்டாரைக் கேட்காமல், தானே விரும்பி ஏற்றுக்கொண்ட கதை அது. அந்தப் பாட்டை வாயில் வைத்துக்கொண்டு அந்த உறுதிமொழியைச் சொல்ல முடியாது. உங்கள் செட்டில் கேட்டால், ஆடத்தான் வந்தோம் என்று சொல்லுங்கள்.

பவானி: நாடகம் போட போலீசிடம் கதையைக் காட்ட வேண்டுமா?

பழைய பயம் அது. 1876இல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டம், பிறகு 1954இல் சென்னை மாநிலம் போட்ட சட்டம் என்று இருந்தன. 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மைக்குக்கும் தெருவில் இடத்துக்கும் மட்டும் முறையாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

கோவை பீளமேடு, ஓய்வுபெற்ற மில் தொழிலாளி: நாடகம் பார்த்து யாருங்க திருந்தினாங்க?

நாடகம் மட்டும் பார்த்து யாரும் திருந்தியதாக நானும் சொல்ல மாட்டேனுங்க. தருமபுரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் சிசுக்கொலைக்கு எதிராக 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1990களின் கடைசியில் தருமபுரி மாவட்டத்தில் ஊர் ஊராகக் கலைப்பயணம் போனார்கள். உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து ஆடிப் பாடி நடித்தார்கள். அந்த நாடகங்கள் செய்த காரியம் என்னவென்றால், வீட்டுக்குள் குசுகுசுவென்று பேசிய விஷயத்தை ஊர் நடுவே வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்தன. அதன் பிறகு செவிலியர் வந்து கதவைத் தட்டியபோது, “அப்படியெல்லாம் இங்கே இல்லை” என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது.

நீங்கள் மில்லில் இருந்தவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். மில் தொழிலாளிகளான சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரையும் 1946 ஜனவரி 8 அன்று தூக்கில் போட்டதை வருடா வருடம் நினைக்கிறோம். அந்தப் போராட்டத்தின் வேரில் ஒரு பெண் தொழிலாளிக்கு நடந்த கொடுமை இருக்கிறது. அவர் பக்கத்திலிருந்து அந்தக் கதையைச் சொல்லும் நாடகம் ஒன்று எழுத ரொம்ப நாளாக ஆசை. அந்தக் கால மில் ஷிப்ட், சங்கு, பெண்கள் வேலை செய்த பிரிவுகள் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எனக்கு எழுதி அனுப்புவீர்களா?

திருப்பூர், பனியன் கம்பெனிப் பெண்கள் சிலர் சேர்ந்து: மில் விடுதிப் பிள்ளைகளைப் பற்றி நாடகம் போடுகிறோம். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் தருகிறேன் என்று கூட்டிப்போவார்களே, அதுதான் கதை. ஆனால் ஒத்திகைக்கே ஆள் சேர மாட்டேன் என்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டில் விடுவதில்லை.

சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்தார்களே, அந்தப் பேரிலேயே உங்கள் நாடகம் இருக்கிறது. கூலியைத் தாலியில் முடிந்து வைத்தார்கள். அதனால் கடைசிக் காட்சியில் கல்யாணத்தைக் காட்டாதீர்கள். மூன்று வருடம் முடிந்த பிள்ளை கணக்கு கேட்டு அலுவலக ஜன்னலில் நிற்பதோடு நிறுத்திப் பாருங்கள். நாள் கணக்கு, விடுப்புக் கழித்தது, சாப்பாட்டுக்குப் பிடித்தது என்று அவள் விரல் விட்டு எண்ணிச் சொல்லட்டும், நிதானமாக, எல்லாத் தொகையும்.

ஒத்திகை நேரத்தை மாற்றுங்கள். எட்டு மணி என்பது ஆண்கள் குழுக்கள் தங்கள் வசதிக்கு வைத்த நேரம். எங்கள் குழுவிலும் முதல் ஆறு வருடம் அப்படித்தான் இருந்தது, பெண்கள் வருவதில்லை என்று குறை மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு, யாராவது ஒருவர் வீட்டு வாசலில் வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லுங்கள், ஒரு மூலையில் பாய் போட்டு விளையாட விடுங்கள். காப்பி போடும் வேலை சுழற்சியில் வரட்டும், உங்களோடு இருக்கும் ஆண்களும் அதில் உண்டு. வீட்டார் கேட்டால் வாசலில்தானே இருக்கிறோம், வந்து பாருங்கள் என்று சொல்லலாம். வந்தவர்களை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கணக்காளராக நிற்க வைத்துவிடுங்கள், ஆள் சேரவில்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்களே.